எந்தப் பாதி

மியேரெஸில், ஆற்றுக்கு மேலே,
மூடிப்போன சுரங்கத்தின் இரும்புக் கோபுரம்
ஜன்னலில் தெரியும் சாப்பாட்டுக் கூடம்.
இருபத்தாறு பேர். இருபத்தாறு அட்டைகள்.
மஞ்சள் என்றால் சர்க்கரை.
நீலம் என்றால் தண்ணீரையும் கெட்டியாக்கித் தர வேண்டும்.
சிவப்பு என்றால் கேட்காமல் எதையும் தராதே.

ஒவ்வொரு வேளையும் முடிந்ததும்
தட்டுகளைப் பார்த்து நான் எழுதுவேன்:
முழுதும். முக்கால். பாதி. கால். மறுத்தார்.
ஐந்தே சொற்கள்.
ஒரு மனிதரின் பசிக்கு
அலுவலகம் அளந்து கொடுத்த அகராதி.

பெலார்மினோ, ஆறாம் மேசை.
முப்பத்தோரு வருடம் நிலக்கரி வெட்டியவர்.
பிப்ரவரியில் மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு;
ஆஸ்பத்திரி போய்த் திரும்பினார்.
அவர் பெயருக்கு நேரே நான் எழுதியது:
பாதி. பாதி. பாதி. பாதி.
பத்தொன்பது நாள்.
என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள்.

நான்கு கிலோ இறங்கினார்.
டாக்டர் சத்து மாவு எழுதிக் கொடுத்தார், வெனிலா வாசனை.
மனநல ஆலோசகர் வந்து, துக்கமா என்று கேட்டார்.
"பசி" என்றார் பெலார்மினோ.
படிவத்தில் பசிக்குக் கட்டம் இல்லை.
"ஒத்துழைக்கவில்லை" என்பதற்கு இருந்தது.

இருபதாம் நாள் வியாழன், அவரைக் குழம்பு.
பாத்திரம் கழுவும் ஒலாயா
ஈரக் கையோடு என்னைக் கூப்பிட்டாள்:
"இவர் தட்டை மட்டும் நான் பாதிதான் தேய்க்கிறேன்.
பாரேன், கத்தியால் அறுத்த மாதிரி."

பார்த்தேன்.
வலப்பக்கம் வழித்து நக்கிய வெள்ளை.
இடப்பக்கம் அவரை, கறித்துண்டு, ரொட்டி,
பரிமாறியது பரிமாறியபடி.
நடுவில் எல்லைக்கல் நட்டாற்போல் ஒரு கோடு.

அடுத்த வேளை அவர் கரண்டியைக் கீழே வைத்ததும்
தட்டை அரைவட்டம் திருப்பினேன். அவ்வளவுதான்.
"இன்னொரு தட்டா?" என்றார்.
"இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள்?"

ஏட்டுச் சுரைக்காய்க்கும் எடை உண்டு.
நான்கு கிலோ.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.
எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பினேன்.
எத்தெல்வினா: பன்றி இறைச்சி கூடாது, உப்பு கூடாது.
யார் சொன்னது, எப்போது? ஒன்றும் இல்லை.
தேதியைப் பிடித்துப் பின்னால் போனால்
அதே பெயர், அதே குடும்பப் பெயர்,
நான்கு வருடம் முன்பு இறந்துபோன வேறொருத்தி.

காலையில் சொன்னேன்.
எத்தெல்வினா காது கருவியைச் சரிசெய்துகொண்டாள்.
"டாக்டர் வேண்டாம் என்றாராம் என்றார்கள்.
எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்."
பிறகு கொஞ்ச நேரம் கழித்து:
"அப்படியானால் என் தொத்திறைச்சியை அவளா தின்றாள்?"

சிரித்தாள். நானும் சிரித்தேன்.
அந்தக் கேள்விக்குப் பதில் கீழ்த்தளத்து அலமாரியில் இருக்கிறது.
பழைய ஏடுகளை ஐந்து வருடம் வைத்திருப்பார்கள்.
இன்னும் எட்டு மாதம்.
சாவி என்னிடம்தான் இருக்கிறது.
நான் இறங்கவில்லை.

பெலார்மினோவின் தாளில் ஓரத்தில் எழுதினேன்:
"இடப்பக்கம் இருப்பது இவருக்குத் தெரிவதில்லை.
பாதியில் தட்டைத் திருப்பவும்."
ஓரத்தில் எழுதக் கூடாது என்றார் மேலாளர்,
ஸ்கேன் செய்யும்போது அறுபடுமாம்.
எழுதியதை அடிக்கவும் இல்லை அவர்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று ஆள் வந்தான். நல்ல பையன்.
திங்கள் காலை ஏட்டைத் திறந்தேன்.
பெலார்மினோ, மதியம்: பாதி. இரவு: பாதி.

எந்தப் பாதி என்று இப்போது எனக்குத் தெரியும்.
அவர் ஞாயிறு இரவு பசியோடு தூங்கியிருந்தார்.